கோல்கீப்பரைக் குடிவைத்தேன்

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கோல்கீப்பரைக் கடத்திக்கொண்டு வருவது என்று முடிவெடுத்தேன். அவன் என் மனைவியின் தம்பியாக இருந்தது எனக்கு வசதியாகப் பட்டது. எனக்கு வசதியாகப் பட்ட எதுவும் கடைசிவரை வசதியாக இருந்ததில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் எட்டுப் பேட்டைக்கு எட்டுக் கால்பந்து அணிகள். ஒருவன் எந்தப் பேட்டை என்று தெரிந்தால் போதும். எந்தக் கடையில் முடி வெட்டுவான், ஞாயிற்றுக்கிழமை மாலை எந்த முகத்தோடு வீடு திரும்புவான் என்று சொல்லிவிடலாம். ரயில்வே பேட்டைக்காரன் சந்தைப் பேட்டைத் தையற்காரனிடம் சட்டை தைக்கக் கொடுக்க மாட்டான். கொடுத்தால் ஒரு கை நீளமாக வரும். கல்யாணப் பேச்சில் படிப்பு, வேலையெல்லாம் பிறகுதான். "பையன் எந்த கேலரியில உக்காருவான்?" என்பதுதான் முதல் கேள்வி.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டுப் பேட்டை. நான் பிறந்தது. அந்தப் பக்கம் படகுப் பட்டறைகள் நிறைந்த துறைப் பேட்டை. என் மனைவி பிறந்தது. நடுவில் ஒரு தூக்குப் பாலம். படகுகள் போவதற்காக இரவு ஒன்பதுக்குத் தூக்கினால் காலை ஆறுக்குத்தான் இறக்குவார்கள். இப்படிப்பட்ட இரண்டு பேட்டைக்கு நடுவே எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். கேலரிக் கேள்வி வந்தபோது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மி முடிப்பதற்குள் தேதி குறித்துவிட்டார்கள்.

பதினோரு வருடமாகத் துறை அணியிடம் எங்கள் மேட்டு அணி தோற்றுக்கொண்டிருந்தது. அவர்கள் கோல்கீப்பருக்கு ஊர் வைத்த பேர் 'கதவு'. அவனைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகாது. எங்கள் கோல்கீப்பருக்கு 'ஜன்னல்'. நான் ஒரு மாலைப் பத்திரிகையின் அச்சகத்தில் அச்சுக் கோர்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்த தோல்வியைத் திங்கட்கிழமை என் கையாலேயே ஈய எழுத்தில் பொறுக்கி அடுக்க வேண்டும். ஒரு சீசனில் ஏழு என்ற எண்ணை எடுத்து எடுத்து அதன் முனையே தேய்ந்துவிட்டது.

எங்கள் அணித் தலைவர் சலூன் வைத்திருந்தார். கமிட்டி விஷயங்களை நம் கழுத்தில் கத்தி இருக்கும்போதுதான் பேசுவார். அதனால் எங்கள் கமிட்டியில் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின.

"கதவை இந்தப் பக்கம் கொண்டு வா. செயலாளர் நாற்காலி உனக்கு," என்றார்.

செயலாளர் நாற்காலி என்றால் லேசில்லை. நான் பதினோரு வருடமாக வெறும் கமிட்டி உறுப்பினர். வருடாந்தரப் போட்டோவில் பின்வரிசை ஓரம். ஒரு வருடம் என் காது மட்டும் விழுந்தது. செயலாளர் முன்வரிசையில், நடுவில், கால்மேல் கால் போட்டு உட்காருவார். அதற்காக நான் யாரையும் கடத்தத் தயார்.

கடத்துவதற்கான வழி ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் விதிப் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் புத்தகத்தை அச்சுக் கோத்தவனே நான்தான். பதினான்காம் விதி: ஆட்டக்காரர் ஒருவர் எந்தப் பேட்டையில் தொடர்ந்து முப்பது இரவு தூங்குகிறாரோ, அவர் அந்தப் பேட்டையின் ஆள். இதைச் சோதிக்கச் சங்கம் ஒரு பார்வையாளரை வைத்திருந்தது. அவர் விடியற்காலையில் சொல்லாமல் வந்து நிற்பார். படுக்கையில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். தலையணையில் விழுந்த குழி யார் தலைக்குச் சேரும் என்று ஆராய்வார். ஊரே அவரைத் 'தலையணை' என்றுதான் அழைத்தது.

ஆக, கால்பந்து என்ற பேச்சையே எடுக்காமல் மைத்துனனை முப்பது நாள் என் வீட்டில் தூங்கவைக்க வேண்டும். அச்சக வாசலில் வாட்ச்மேன் வேலை ஒன்று காலியாக இருந்தது. காலை ஐந்து மணிக்கு ஆரம்பம். பாலமோ ஆறுக்குத்தான் இறங்கும். இந்தப் பக்கம் தங்கித்தான் தீர வேண்டும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை.

மனைவி கிழிந்த திரைச்சீலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பிக்கு ஒரு வேலை பாத்திருக்கேன்."

ஊசி நிற்கவில்லை. "நீங்களா?"

"ஏன், நான் பாக்கக் கூடாதா? பட்டறையை மூடினதிலேருந்து சும்மாத்தானே இருக்கான். எனக்கும் மனசு இருக்காதா?"

"பதினோரு வருஷமா அதை எங்க வெச்சிருந்தீங்க?"

"வாட்ச்மேன் வேலை. நிரந்தரம். காலைல அஞ்சு மணிக்கே வரணும். நம்ம வீட்லயே தங்கிக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம் போல. அப்புறம் பாத்துக்கலாம்."

"முப்பது நாளா, முப்பத்தோரு நாளா?"

"மாசம்னா மாசம். அதுல என்ன?"

"சும்மா கேட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேலைக்கு மட்டும்தானே? வேற ஒண்ணும் இல்லயே?"

"வேற என்ன இருக்கப் போகுது?"

"வேலைக்குத்தான் கூப்பிடுறீங்க."

"வேலைக்குத்தான்."

"சரி."

அந்தச் 'சரி' மிகச் சுலபமாக வந்தது. பதினோரு வருடத்தில் அப்படி வந்தது அது ஒன்றுதான். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் மைத்துனன் வந்தான். ஆறடி இரண்டங்குலம். கூடவே துறை அணிக்காரர்கள் மூன்று பேர் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி வந்தார்கள். வாசலில் இறக்கிவைத்து, "நல்லா பாத்துக்குங்க," என்று என் கையைக் குலுக்கினார்கள். எதிரி தன் பீரங்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தானே கொண்டுவந்து இறக்கினால் எந்தத் தளபதியும் கொஞ்சம் யோசிப்பான். நான் டீ கொடுத்து அனுப்பினேன்.

"உக்காந்தே பாக்குற வேலைதானே மாமா?" என்றான் மைத்துனன்.

"நாற்காலி உண்டு, தலைக்கு மேல ஃபேன் உண்டு. வேறென்ன வேணும் மச்சான்?"

"அப்ப சரி மாமா."

எங்கள் வீடு ஒற்றை அறையும் ஒரு சமையலறையும். ஆறடி இரண்டங்குலத்துக்குப் பொருந்துகிற ஒரே சாமான் என் கட்டில். நானும் மனைவியும் சமையலறைத் தரைக்குக் குடிபெயர்ந்தோம். அன்று நான் புரண்டு படுத்ததில் பாத்திர அடுக்கு மொத்தமாகச் சரிந்தது. விடிந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அம்மா அங்க தனியா இருக்காங்க."

"பாவம்தான்."

"குழாய்ல தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான் வருது. அவங்களால குடம் தூக்க முடியாது."

"பக்கத்து வீட்ல சொல்லேன்."

"சொல்லலாம். இல்லன்னா தம்பியையே திருப்பி அனுப்பிடலாம். வேலை போனா போகுது."

"சேச்சே. இந்தக் காலத்துல வேலை கிடைக்கிறது லேசா?"

"அப்ப நீங்க போய் அங்க படுத்துக்குங்க. ராத்திரிக்கு மட்டும்தானே. சமையலறைல ஒருத்தர்தான் படுக்க முடியும். அந்த ஒருத்தர் நீங்க இல்ல."

நாற்காலியை நினைத்துக்கொண்டேன். சம்மதித்தேன்.

அதுமுதல் தினமும் இரவு எட்டரைக்குக் கையில் ஒரு பையோடு எதிரி நாட்டுக்கு நடந்தேன். "இன்னைக்கும் விரட்டிட்டாங்களா?" என்று பாலத்துக் காவலாளி விசாரிப்பார். மாமியாருக்குத் துறை அணியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எங்களுக்கு விழுந்த ஏழு கோலையும் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பா, சர்க்கரை டப்பா வைத்து விளக்குவார்.

"இந்த டம்ளர்தான் உங்க ஜன்னல், மாப்பிள்ளை. பாருங்க, பந்து வருது. டம்ளர் அசையுதா?"

"இல்ல அத்தை."

"அன்னைக்கும் அசையல. இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

பதினேழாம் நாள் தலையணை எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலில் சூடு பார்த்து, மைத்துனன் பேரை எழுதிக்கொண்டு போனதாக மனைவி சொன்னாள். பாதி நாற்காலி வந்துவிட்டது போல இருந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் மாமியார் வீட்டில் கண் விழித்தால் என் தலைமாட்டிலேயே தலையணை நிற்கிறார். மைத்துனன் இங்கே திருட்டுத்தனமாக வந்து தூங்குகிறானா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொள்வதில் நான் எப்போதும் வேகம். உடனே எழுந்து இடம் விட்டேன்.

அவர் படுக்கையில் கைவைத்தார். "இதுல நீங்கதான் தூங்குறதா?"

"நான்தான் சார். வேற யாருமே இல்ல. தாராளமா பாருங்க."

"தினமுமா?"

"ஒரு நாள் தவறல."

"இந்த வாரத்தோட முப்பது நாள் ஆயிடும்போல."

"ஆயிடும் சார். கண்டிப்பா ஆயிடும்," என்றேன். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து அன்று அழகாக வந்தது.

முப்பத்தோராம் நாள் மைத்துனனிடம் மேட்டு அணியின் பதிவுப் படிவத்தை நீட்டினேன். "அச்சகத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுறதுதான் மச்சான்," என்றேன். போட்டான். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. பாதிப் பேட்டை மைதானத்துக்கு வந்துவிட்டது. சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு கன்னம் மட்டும் மழித்த வாடிக்கையாளர் ஒருவரும் பின்னாலேயே வந்தார்.

"சும்மா கொஞ்ச நேரம் கோல்ல நில்லு மச்சான்," என்றேன். நின்றான். கோல் கம்பத்துக்கே ஒரு கம்பீரம் வந்தது.

முதல் பந்து மெதுவாக உருண்டு போனது. மைத்துனன் அது வருவதைப் பார்த்தான். பாதி குனிந்தான். பிறகு அது தன்னைக் கடந்து போவதையும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது பந்துக்கும் அதே மரியாதை. மூன்றாவது பந்தில் ஓரமாக நின்ற ஜன்னல் சிரித்துவிட்டான்.

நான் ஓடினேன். "என்ன மச்சான் ஆச்சு?"

"முட்டி மடங்காது மாமா. போன சீசன் முடிஞ்சதும் பட்டறையில படகு சரிஞ்சு விழுந்துச்சு, அதுல போச்சு. இனிமே விளையாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க வாட்ச்மேன் வேலைன்னுதானே கூப்பிட்டீங்க. அதுக்கு முட்டி வேணும்னு சொல்லவே இல்லயே."

வீட்டுக்குப் பறந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பிக்கு முட்டி போனது உனக்குத் தெரியுமா?"

"அக்காவுக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"மேட்டு அணி கமிட்டி ஆளுகிட்டத் துறை அணி ரகசியத்தை எப்படிங்க சொல்றது?"

"நான் உன் புருஷன்."

"அதான் சாப்பாடு போட்டேன்ல." ஒரு சட்டையை உதறினாள். "வேலைக்கு மட்டும்தானேன்னு ரெண்டு தடவை கேட்டேன். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். அவனுக்கு ஒரு வேலை கிடைக்கணுமேன்னு நானும் அம்மாவும் எவ்வளவு கவலைப்பட்டோம் தெரியுமா? நீங்களா வந்து குடுத்தீங்க. நல்லா இருப்பீங்க."

திங்கட்கிழமை சலூனுக்குப் போனேன். தலைவர் கோபமாக இருப்பார், நாற்காலி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் கோபமாக இல்லை. சோப்பு நுரையை நிதானமாகத் தடவினார்.

"கதவு விளையாட மாட்டான். பரவாயில்ல. துறை அணிக்கு எங்க பலம், எங்க ஓட்டைன்னு ராத்திரி பூரா உக்காந்து சொன்னான். இப்படி ஆட்டம் தெரிஞ்ச ஆள் நம்மகிட்ட யார் இருக்கா? செயலாளர் ஆக்கிட்டோம்."

"அந்த நாற்காலி எனக்குன்னு..."

"ஆடாதே, வெட்டிரும்." கத்தியைத் தீட்டிவிட்டு வந்தார். "உனக்கு எப்படிக் குடுக்கிறது? நீ இப்ப அந்தப் பேட்டை ஆளு. சங்கத்து லிஸ்ட் வந்திருக்கு. துறைப் பேட்டை, முப்பது இரவு, உன் கையெழுத்து. கமிட்டியிலேருந்தும் பேரை எடுத்தாச்சு."

"அந்த விதி ஆட்டக்காரங்களுக்கு."

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பதினான்காம் விதியின் இரண்டாவது வரி: 'கமிட்டி நிர்வாகிகளுக்கும் இதுவே பொருந்தும்.' நான் கோத்த வரிதான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அச்சுக் கோர்ப்பவன் எழுத்தைத் தலைகீழாகப் பார்ப்பான். அர்த்தம் பார்ப்பது பிழை திருத்துகிறவர் வேலை.

"ஆட்சேபணை இருந்தா செயலாளருக்கு ஒரு மனு எழுதிக் குடு," என்று துண்டை உதறினார்.

எழுதினேன். இரண்டு பக்கம். பதினோரு வருட சேவை, பின்வரிசை, காது எல்லாவற்றையும் உருக்கமாகச் சொல்லியிருந்தேன். இரவு எட்டரைக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செயலாளர் என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தலையணையை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பினது யாரு?" என்றேன் மனைவியிடம், மெதுவான குரலில்.

"நான்தான். ஒரு போஸ்ட்கார்டு போட்டேன். விதின்னா எல்லாருக்கும்தானே? யார் எங்க தூங்குறாங்கன்னு சங்கத்துக்குத் தெரிய வேண்டாமா?"

"இனிமே நான் முப்பது நாள் தொடர்ந்து இங்க தூங்கினாத்தான் என் பேரைத் திரும்பச் சேப்பாங்க."

"தூங்குங்களேன். எங்க?"

கட்டிலைப் பார்த்தேன். சமையலறையைப் பார்த்தேன். பாத்திர அடுக்கை இன்னும் உயரமாகக் கட்டி வைத்திருந்தாள்.

"அவனை எழுப்பு. மனு குடுக்கணும்."

"காலைல அஞ்சு மணிக்கு வேலைக்குப் போற பையனை எழுப்பச் சொல்றீங்களே. எங்கிட்ட குடுங்க. எந்திரிச்சதும் குடுக்கிறேன்."

கொடுத்தேன். விளக்கடியில் நின்று இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது போலக்கூட இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. மனுவை என்னிடமே திருப்பி நீட்டினாள். கூடவே பேனாவையும்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கீழ முகவரியில மட்டும் இந்த வீட்டைப் போட்டிருக்கீங்க. அதை மாத்திட்டுக் கிளம்புங்க, பாலம் தூக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு."