நரம்பு மட்டும் பச்சை

இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இவன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மஞ்சள்தான்.

அது மாமனாரின் அசேலியா போன்சாய், தொட்டியில் குட்டையாகவே வளர்த்த பூமரம். முழங்கை உயரம்தான், வயதோ இவனைவிட அதிகம். கல்யாணமானதிலிருந்து மாமனார் இவனிடம் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் வரும். மாமியாரோடு மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் இவன் முகத்தைப் பார்த்து, "செடி பத்திரம், மாப்பிள்ளை" என்றார். அந்த 'மாப்பிள்ளை'க்காக இவன் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கவும் தயார்.

"தாகமா இருக்கும்" என்றாள் மனைவி.

காலையும் மாலையும் ஊற்றினான். இலை தொங்கிப்போனது.

செடிக்கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"குழாய்த் தண்ணியா ஊத்துறீங்க?"

"பின்ன?"

"அதுல சுண்ணாம்பு இருக்கு சார். இதுக்குப் புளிப்பு மண்ணுதான் ஒத்துக்கும். மழைத்தண்ணி ஊத்துங்க. அதுவும் மேல்மண்ணு காஞ்சப்புறம்."

வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"புளிப்புதானே வேணும்? வினிகர் இருக்கே" என்றாள் மனைவி.

"எவ்வளவு ஊத்துறது?"

"என்னைக் கேட்டா? தாராளமாவே ஊத்துங்க. எங்கப்பா செடிக்கா கஞ்சத்தனம்?"

தாராளமாக ஊற்றினான். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. பதறிப்போய், வினிகரைக் கழுவுவதற்காகத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் முக்கினான். மண் சேறானது. சேற்றைக் காயவைக்க மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துப் பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. ஒவ்வொன்றும் செய்யும்போது சரியாகத்தான் பட்டது. சூட்டுக்காற்றில் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. டிரையரை நிறுத்தினான். அப்புறமும் உதிர்ந்தன.

வாசலில் டாக்சி வந்து நின்றது.

மாமனார் தொட்டியில் மொட்டையாக நின்ற குச்சியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமியார் மட்டும் நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது.

"அழாதீங்க அத்தை. சத்தியமா நான் வேணும்னு பண்ணல."

"மெதுவாப் பேசுங்க." மாமியார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்குத் தண்ணி ஊத்த ஆளில்லன்னு சொல்லியே இத்தனை வருஷமா அந்த மனுஷன் என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகல. நானும் வெந்நீரு, சோப்புத்தண்ணின்னு ஊத்திப் பாத்துட்டேன், அசையல. அதான் உங்ககிட்ட விட்டுட்டு வரச் சொன்னேன், மாப்பிள்ளை."