தலை தட்டும் அலை

அலை மறுபடியும் தலை தட்டியது.

பொறியாளர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை முறைத்தார். மேஜை மேல் ஒரு சின்ன மோட்டார். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சென்சார், மோட்டாரின் நடுக்கத்தை மின்சாரமாக்கி அனுப்புகிறது; அதுதான் திரையில் அலையாக ஓடுகிறது. கொசு முனகுகிற அளவுதான். அதைப் பெருக்கி, இரண்டு வோல்ட்டுக்குள் அடக்கிக் கொடுத்தால் போதும். நொடிக்குப் பத்து லட்சம் தடவை பார்த்து எண்ணாக்கித் தர ஒரு சிப் காத்திருக்கிறது. இரண்டைத் தாண்டினால் சிப்புக்குக் கண் தெரியாது. அலையின் உச்சி சீவியெடுத்ததுபோல் மொட்டையாகிவிடும்.

காலையிலிருந்து மொட்டைதான்.

நடுக்கம் அளக்கும் இந்தக் கருவியை வாங்குபவர் பதினொரு மணிக்கு வருகிறார். "அவர் சரின்னா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கோ," என்று மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, சரியாச்சா?"

"இன்னும் இல்லை."

"பதறாதீங்க. காலையில நீங்க பதறின பதற்றத்துல டம்ளர் தளும்பி மேஜையெல்லாம் காப்பி."

"வை, அப்புறம் பேசறேன்."

பெருக்கத்தைக் குறைத்தார். தலை தட்டவில்லை, ஆனால் மோட்டாரின் நடுக்கம் இருந்த இடமே தெரியவில்லை. பழையபடி ஏற்றிவிட்டு, அலை மொத்தத்தையும் கீழே இறக்கிப் பார்த்தார். உச்சி தப்பியது, அடி தரையில் இடித்தது. வடிகட்டி ஒன்றை மாட்டினார். வாங்குபவர் பார்க்க விரும்பும் வேகமான நடுக்கம் காணாமல் போய், வேண்டாத ஆட்டம் மட்டும் மிஞ்சியது. அதைக் கழற்றி எறிந்தார். மணி பத்தரை. அலை முன்னைவிடப் பலமாகக் குதித்தது.

சென்சாரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, புதுசு எடுக்க அலமாரிக்கு ஓடினார்.

பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானேப்பா இருக்கு. ஜம்முனு ஓடுது."

ஓடிவந்து உட்கார்ந்தார். குதித்தது.

"அக்கா, விளையாடாதீங்க. நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

"நிஜமாத்தான் சொல்றேன். உன் மூஞ்சியைக் கண்டதும்தான் மிரளுது."

சென்சாரை மாற்றினார். வயரை மாற்றினார். மோட்டார்தான் ஆடுகிறதோ என்று நாலு திருகாணி போட்டு அதை மேஜையோடு சேர்த்து முடுக்கினார். ஆட்டம் இரட்டிப்பானது. அழுகையே வந்துவிடும்போலிருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மேலாளரும், பின்னாலேயே வாங்குபவரும்.

பொறியாளர் மரியாதைக்கு எழுந்து நின்றார். திரையில் அலை சாதுவாக, சொன்ன எல்லைக்குள் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

"பிரமாதம்," என்றார் வாங்குபவர்.

மேலாளருக்கு முகமெல்லாம் பல். "உக்காந்து சாருக்கு விளக்கிச் சொல்லுப்பா."

உட்கார்ந்தார். அலை எகிறி மொட்டையானது.

"என்னப்பா இது?"

"இப்பத்தான் சார் நல்லா..." பொறியாளர் அலறியடித்து எழுந்தார். அலை அடங்கியது.

"சரியாயிடுச்சு. நீ உக்காரு, சொல்லு."

உட்கார்ந்தார். மறுபடியும் மொட்டை. மேலாளரின் பற்கள் உள்ளே போயின. போச்சு, எல்லாம் போச்சு என்று பொறியாளர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

வாங்குபவர் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இதை எடுத்துக்கறேன் சார், கருவியில ஒரு குறையும் இல்லை," என்றார் மேலாளரிடம். "இவருக்கு நாற்காலி மட்டும் குடுக்காதீங்க, மேஜைக்கு அடியில இவர் கால் ஆட்டறதைக்கூட விடாம அளக்குது."