தேனீக்காரனுக்கு அரைப் பக்கம்

முன்னொரு காலத்தில், அதாவது போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒரு ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் அளவுக்குத் துணி வெட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேனீக்காரனாக மாறிவிடுவாள்.

மாயமந்திரம் ஒன்றுமில்லை. நாத்தனார் வீட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்துகிற விளையாட்டு அது. எந்த வேடத்துக்கு என்ன திறமை என்பதைப் பதிப்பகம் போட்ட தடிப் புத்தகம் சொல்லும். தேனீக்காரனுக்கு அதில் அரைப் பக்கம். ஒன்பது வருஷமாக அவள் குடியிருந்தது அந்த அரைப் பக்கத்தில்தான்.

அப்படியிருக்க, புதுப் பதிப்பு வருகிறது, அதில் தேனீக்காரன் இல்லை என்று சேதி வந்தது. வாள்வீரர்கள் மட்டும் நாற்பத்தொரு வகை. சோகமான வாள்வீரன், ஒற்றைக்கண் வாள்வீரன், ஒற்றைக்கண்ணோடு சோகமாகவும் இருக்கிற வாள்வீரன். இப்போது அதுதான் நாகரிகமாம். புதுப் புத்தகத்தில் இல்லாத வேடத்துக்கு இனி மேசையில் இடமில்லை என்று நாத்தனாரும் கறாராகச் சொல்லிவிட்டாள். “வேணும்னா நீங்களும் ஒரு வாளை எடுத்துக்கங்க, அண்ணி.”

தையல்காரி கடையைப் பூட்டிக்கொண்டு, பதிப்பகத்தின் ‘வேடங்கள் தொடர்வு மற்றும் நீக்கப் பிரிவு’க்கு நடந்தாள்.

அங்கிருந்த அலுவலர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நிலைமையைப் பொறுமையாக விளக்கினார். முறைப்படி கணக்கெடுப்பு நடந்ததாம். தேனீக்காரனை ஒரே ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லையாம்.

“கணக்கெடுப்புத் தாள்ல தேனீக்காரன் பேரு இருந்துச்சா?”

“யாருமே எடுக்காத வேடத்தைத் தாள்ல எதுக்கும்மா போடணும்?”

“நான் எடுக்கறேனே.”

அதற்குச் சான்று வேண்டும் என்றார். வேடம் இன்னும் உயிரோடு நடமாடுகிறது என்பதற்கு, சம்பந்தப்பட்ட தேனீக்காரன் நேரில் ஆஜராக வேண்டும். அவன் இப்போது மலைமேல் இருக்கிறான் என்றாள் தையல்காரி. கூப்பிடுங்கள் என்றார் அலுவலர்.

அவள் பையிலிருந்த பகடையை எடுத்து உருட்டினாள். இரண்டு விழுந்தது. ‘அழைத்தும் ஆஜராகவில்லை’ என்று அலுவலர் குறித்துக்கொண்டார். மறுபடி உருட்டினாள். ஆறு.

“வந்துட்டான் சார்.”

“தனியாவா?”

“தேனீக்களோட.”

அலுவலர் எழுந்து போய் ஜன்னலை இறுகச் சாத்தினார். பிறகு வந்து சான்றில் முத்திரை குத்தினார்.

மனு நியாயமானது என்பதில் பிரிவுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புத்தகத்தில் பக்கம் கூட்ட விதியில்லை. அரைப் பக்கம் உள்ளே வரவேண்டுமானால் அரைப் பக்கம் வெளியே போகவேண்டும். எது போவது என்பதை மனுதாரரே தம் கைப்பட எழுதித் தரலாம், பிரிவு தலையிடாது.

நாற்பத்தொன்றில் ஒரு வாளை எடுத்துவிடுங்களேன் என்றாள். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. வாள்வீரர்கள் முழுப் பக்கத்துக்காரர்கள். அரைப் பக்கத்துக்காரன் என்று மிஞ்சியிருப்பவன் ஒருவன்தான், ஓடக்காரன்.

தையல்காரி யோசித்தாள். ஊசியில் நூல் கோர்க்கிற நேரம்.

“ஓடக்காரனா? அதையெல்லாம் இந்தக் காலத்துல யாரு சார் எடுக்கறாங்க?”

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலர் மனமாரப் பாராட்டினார்.

வெளியே பெஞ்சில், சட்டையெல்லாம் சாயத்துளியோடு ஒரு பெயிண்டர் காத்திருந்தார். மடியில் ஒரு மனு, அதன் தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘ஓடக்காரன்’. பதினோரு வருஷமாக எடுக்கிறாராம். அவருடைய கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் வாளுக்கு மாறிவிட்டார்களாம்.

“உள்ள நம்ம பேச்சைக் காது குடுத்துக் கேப்பாங்களாக்கா?”

“ரொம்ப நியாயமான மனுஷங்க. தைரியமா போங்க, தம்பி.”

பெயிண்டர் தலையைக் கோதிக்கொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். தையல்காரி விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.