பந்தைப் பார்க்காத சைடர்

எதிரில் வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்குத் தெரியும் முன்பே சைடருக்குத் தெரிந்துவிடும். ராஜபாளையம் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொருத்தி கிடையாது. நான் சமைத்துப் போட்ட மில் விடுதியில் அறுபது பெண்கள். பாதிப் பேர் சைடர் வேலைதான் பார்த்தார்கள். ஆனாலும் ‘சைடர்’ என்றால் வத்திராயிருப்புக்காரி அவள் ஒருத்திதான்.

ஓடுகிற மெஷின் முன்னால் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டிவிடுவதுதான் சைடர் வேலை. இவள் அறுந்த பிறகு போக மாட்டாள். அறுவதற்கு முன்னால் நூல் ஒரு துள்ளுத் துள்ளுமாம். அதைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே போய் நிற்பாள். இருபது வருஷம் அந்த இரைச்சலில் நின்றதில் காது போய்விட்டது. நாம் பேசுவதை வாயசைவில் பிடித்துக்கொள்வாள்.

என் சாப்பாட்டுக்கூடத்திலும் அதே கதைதான். என் தோள் அசைவதைப் பார்த்தே கரண்டி எந்த வாளிக்குப் போகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள்.

“ஆச்சி, அடியில கெடக்க கறிய யாருக்கோ எடுத்து வைக்கப் போறீய” என்றாள் ஒருநாள்.

எனக்குத்தான் எடுத்து வைக்க இருந்தேன். அவளுக்கே போட்டுவிட்டேன்.

எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் தளவாய்புரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர்தான் விடுதிப் பெண்களுக்கு டச் ரக்பி சொல்லிக்கொடுத்தார். உரிக்காத தேங்காய் மாதிரிப் பந்து. அதோடு நம் கோட்டைத் தாண்ட வருகிறவளைக் கையால் தொட்டால் போதும். ஆறு தடவை தொட்டுவிட்டால் பந்து நம் பக்கம். தொட்ட பக்கத்துக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் ஏழு மீட்டர் பின்வாங்கி, பிறகு எதிராளியை நோக்கி ஏறி வர வேண்டும்.

மற்றவர்கள் பின்வாங்கிய இடத்திலேயே நிற்பார்கள். சைடர் நிற்க மாட்டாள்.

“வரட்டும்னு நின்னா வந்துருவா. நம்மதான் போகணும்” என்பாள். “பந்தப் பாக்காதிய. கண்ணையும் பாக்காதிய, அது பொய் சொல்லும். இடுப்பு எங்க போகுதோ அங்கதான் ஆளும் போவா.”

அவள் பாய்கிற பாய்ச்சலில் எதிராளி பந்தைப் பிடிக்கும்போதே தோளில் இவள் கை இருக்கும். குறுக்கே வந்த ஆட்டையும் ஒருநாள் தொட்டுவிட்டு, ஒழுங்காக ஏழு மீட்டர் பின்வாங்கி நின்றாள்.

சிக்கல் அங்கேதான். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்; ஆறு பேரும் ஒரே வரிசையாக ஏற வேண்டும். ஆபீசர் “ஏறு” என்று கத்துவது அவளுக்குக் கேட்காது. தனியாக முன்னால் போய்விடுவாள். அந்த இடைவெளியில் எதிராளி நுழைந்துவிடுவாள்.

“காது கேக்காதவங்கள வச்சு வரிச கட்ட முடியாது ஆச்சி” என்றார் ஆபீசர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டத்திலும் அவளால் வரிசை உடைந்தால், அடுத்த வாரம் முதல் வெளியே உட்கார்ந்திருக்கும் வன்னியம்பட்டிப் பெண்ணுக்கு அந்த இடம் என்று சொல்லிவிட்டார். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றே சைடர் அதை அவர் வாயில் படித்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு மெஷினோடு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஆட்களோடு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நானும் போனேன். அங்கே மைதானத்தை ஒட்டி ஒரு மில். சைடர் பக்கத்தில் நிற்பவளை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து ஏறினாள். அதனால் பாய்ச்சல் குறைந்தது; எதிராளிகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமம். பந்து அவர்களிடம். ஐந்து தடவை தொட்டாகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி.

அந்த நேரம் பார்த்து மில்லில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது.

எங்கள் பெண்கள் ஐந்து பேரும் அப்படியே திரும்பி நடந்தார்கள். வேலை முடிந்ததாம். ஒருத்தி சட்டையில் இல்லாத பஞ்சைத் தட்டிவிட்டாள். ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சங்கு கேட்காதவள் ஒருத்திதான். பந்தோடு வந்தவள் வலப்பக்கம் பார்த்தாள். சைடர் இடப்பக்கம் பாய்ந்தாள். அந்தப் பெண்ணும் இடப்பக்கமே வந்தாள். சைடர் கையில் சிக்கியது சடையின் நுனி மட்டும். சடையைத் தொட்டாலும் கணக்குத்தான். பந்து எங்களுக்கு வந்தது, ஆட்டம் சமனில் முடிந்தது.

சைடர் திரும்பிப் பார்த்தாள். ஐந்து முதுகு தெரிந்தது.

“ஏட்டி, எங்க போறிய எல்லாரும்?”

ஆபீசர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இனி நான் கத்த மாட்டேன். சைடர் நடுவுல நிக்கட்டும். அவிய கால் எடுத்தா மத்தவங்க எடுக்கணும்.”

சைடர் என்னிடம் வந்து, ஆபீசர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். “என்னது ஆச்சி?” என்றாள். திரும்பவும் சொன்னேன்.

“அவரு சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சு ஆச்சி. உங்க வாயில இன்னொருக்க பாக்கணும்போல இருந்துச்சு.”

பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ராஜபாளையம் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.