கார்புரேட்டர் வாங்கப் போன ஜோதிலிங்கம்

தில்லி நகரத்து மெக்கானிக் எவன் கையும் இனிமேல் தன் கார் மேல் படக்கூடாது என்று ஜோதிலிங்கம் சபதம் போட்டது ஒரு திங்கட்கிழமை காலை. அன்று மத்தியானமே அவர் மனைவி அம்சவேணியின் இட்லிக் கொப்பரை காணாமல் போய்விட்டது.

தேடிப் பார்த்தால் கொப்பரை வாசலில் இருந்தது. அதற்குள்ளே எஞ்சினின் வால்வுகள் மண்ணெண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"வால்வு."

"அது கிடக்கட்டும். மண்ணெண்ணெய் ஏது?"

"அடுப்படியில இருந்துச்சு."

"ரேஷன் க்யூவுல கால் கடுக்க நின்னு வாங்குனதுங்க. இனி அடுப்பை எதை வச்சு எரிப்பேன்?"

"ஏ வேணி, சோறு நாளைக்குத் தின்னுக்கலாம். மானம் போனா நாளைக்கு வருமா?"

மானம் என்று அவர் சொன்னது குழந்தைசாமியை. குழந்தைசாமி அவருக்குச் சகலை. அம்சவேணியின் தங்கை புருஷன். விருதுநகரில் இரண்டு லாரி வைத்திருக்கிறவன். கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "தில்லியில போயும் வத்தல்தான் விக்கிறீகளா?" என்று கேட்டவன். அந்தக் கேள்வி ஜோதிலிங்கத்தின் தொண்டையில் வத்தல் விதை மாதிரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைசாமி இப்போது குடும்பத்தோடு தில்லி பார்க்க வருகிறான். "நீ ரயிலை விட்டு இறங்கு மாப்ளே, பாரின் காரோட நிக்கிறேன்!" என்று டிரங்க் காலில் கத்திவிட்டார் ஜோதிலிங்கம். கத்திய கத்தில் டெலிபோனே தேவையில்லை. விருதுநகருக்கு நேராகவே கேட்டிருக்கும்.

கார் பாரின் கார்தான். அதில் பொய்யில்லை. ஏதோ ஒரு தூதரகத்துக்காரன் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் விற்றது. ஜோதிலிங்கம் பேசிய பேரத்தில் அவன் சாவியைக் கொடுத்து, கூடவே தன் தொப்பியையும் கொடுத்து, விட்டால் போதுமென்று விமானம் ஏறினான். கார் கரோல் பாக் வரை ஓடி வந்தது. வீட்டு வாசலில் நின்றது. நின்றது நின்றதுதான்.

பார்க்க வந்த மெக்கானிக் ஒரு கூலி சொன்னான். புளி மூட்டைக்குப் பேசுவது போல ஜோதிலிங்கம் அதில் கால்வாசிக்கு ஆரம்பித்தார். மெக்கானிக் தன் ஸ்பானரைக்கூட எடுக்க மறந்து ஓடினான். ஜோதிலிங்கம் அந்த ஸ்பானரைக் கையில் எடுத்தார். சபதம் பிறந்தது.

அவருக்கு யார் எதைக் கற்றுக்கொடுத்தார்கள்? டிக்கெட் இல்லாமல் தில்லிக்கு வந்தவர். காரி பாவ்லி மசாலா மண்டியில் மூட்டை தூக்கியவர். இந்தி அவருக்குப் படித்து வந்ததல்ல, வசவு வாங்கி வந்தது. இன்று கரோல் பாக்கில் சொந்தக் கடை. மிளகாய் வத்தல், நல்லெண்ணெய், அப்பளம் என்று தில்லித் தமிழர் அத்தனை பேர் நாக்கும் அவர் கடையில்தான் இருந்தது. இதெல்லாம் முடிந்தவருக்கு ஒரு எஞ்சின் பெரிய காரியமா?

எஞ்சின் கழன்று வீட்டுக்குள் வந்தது. சாமி படத்துக்குக் கீழே பிஸ்டன்கள். விபூதிக் கிண்ணத்தில் திருகாணிகள். கட்டிலுக்கடியில் சைலென்ஸர். நடு வீட்டில் எஞ்சின் குடித்தனம் பண்ண, புருஷனும் பெண்டாட்டியும் சுவர் ஓரமாக ஒண்டிக் கிடந்தார்கள். அம்சவேணி சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் கிராங்க் ஷாஃப்டைத் தாண்ட வேண்டும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தாண்டுகிற தாண்டலில் ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு இருந்தது. அந்தப் பெருமூச்சை எஞ்சின் சத்தம் என்று நினைத்து ஜோதிலிங்கம் சந்தோஷப்பட்டார்.

கடைசியில் கார்புரேட்டரில் வந்து மாட்டிக்கொண்டார். அதில் ஒரு திருகாணி வரமாட்டேன் என்றது. தமிழில் சொல்லிப் பார்த்தார். இந்தியில் திட்டிப் பார்த்தார். கோபம் தலைக்கேறி அம்மிக் குழவியைத் தூக்கி ஒரு போடு போட்டார். திருகாணி அப்படியே இருந்தது. கார்புரேட்டர் இரண்டாகப் பிளந்தது.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லை. பாரின் சாமான்ல... தில்லி வெயில் தாங்கலை. தானா விரிஞ்சுபோச்சு."

அம்சவேணி கார்புரேட்டரைப் பார்த்தாள். குழவியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைத் தன் வெற்றி என்று ஜோதிலிங்கம் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காஷ்மீரி கேட் மோட்டார் சாமான் சந்தையில் அவர் ஏறாத கடை இல்லை. உடைந்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் பிரித்துக் காட்டுவார். கடைக்காரர்கள் பிணம் பார்க்க வந்தவர்கள் மாதிரி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவன், "பாயி சாப், இந்த வண்டி எந்த மியூசியத்தில் இருக்கிறது?" என்றே கேட்டுவிட்டான். அவனோடு சண்டை போட்டதில் ஒரு நாள் போயிற்று. குழந்தைசாமி வருகிற ஞாயிற்றுக்கிழமையோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சோறு போடும்போது அம்சவேணி மெதுவாகச் சொன்னாள். "அந்தச் சந்தையிலயே கடைசிச் சந்துல ஒரு சர்தார்ஜி கடை இருக்காம்ங்க. பாரின் கார் சாமானெல்லாம் அவருகிட்ட கிடைக்குமாம்."

"யாரு சொன்னா?"

"கடைக்கு வத்தல் வாங்க வந்தவுக சொன்னாக."

ஜோதிலிங்கம் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. "கிளம்பு! நீயும் வா. நீ இல்லாம பேரம் படியாது."

அது உண்மை. பெரிய சாமான் எது வாங்கினாலும் இருவரும் சேர்ந்து ஒரு நாடகம் போடுவார்கள். விலை படியாத இடத்தில் ஜோதிலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். உடனே அம்சவேணி தமிழில் சீறி விழ வேண்டும். அவர் திருப்பிக் கத்துவார். கோபித்துக்கொண்டு இருவரும் படி இறங்குவார்கள். பாஷை புரியாத கடைக்காரன் பயந்துபோய், "அரே, ருக்கியே!" என்று நிற்கச் சொல்லி விலையைக் குறைப்பான். இரும்பு பீரோ வாங்கியபோது வேறெதுவும் தோன்றாமல் அம்சவேணி பதினாறாம் வாய்ப்பாட்டைக் கோபமாகச் சொன்னாள். பாதி வாய்ப்பாட்டிலேயே பீரோ படிந்துவிட்டது.

"இன்னிக்கு என்ன பேசணும்?" என்று கேட்டாள்.

"வாயில வந்ததைப் பேசு."

"என்ன வேணும்னாலும் பேசலாமா?"

"சர்தார்ஜிக்குத் தமிழ்ல என்ன தெரியப்போகுது? மிஞ்சிப்போனா இட்லின்னா தெரியும்."

"அப்பச் சரி. வாரேன்" என்று அம்சவேணி நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

சர்தார்ஜி வெள்ளைத் தாடியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். உடைந்த கார்புரேட்டரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதே கம்பெனி. அதே அச்சு. பளபளவென்று இருந்தது. ஜோதிலிங்கத்தின் நெஞ்சு துள்ளிக் குதித்தது. முகத்தை மட்டும் அழுகிய மாம்பழத்தைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டார்.

சர்தார்ஜி இந்தியில் ஒரு விலை சொன்னார். காரையே ஏறக்குறைய அந்த விலைக்குத்தான் வாங்கியிருந்தார் ஜோதிலிங்கம்.

"இது என்ன, தங்கத்தில் செய்ததா?" என்று இந்தியில் சீறினார்.

"தங்கம் எங்கேயும் கிடைக்கும் பாயி சாப். இது கிடைக்காது."

நியாயமான பதில். நியாயமான பதிலைக் கேட்டால் ஜோதிலிங்கத்துக்குக் கோபம் வரும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அம்சவேணி ஆரம்பித்தாள். "போதும் எந்திரிங்க! அந்தக் காரு வந்த நாள்ல இருந்து வீடு வீடா இருக்கா? நானும் மனுஷிதானே?"

என்ன ஆரம்பம்! ஜோதிலிங்கத்துக்குப் புல்லரித்தது. வாய்ப்பாடு சொன்னவளா இவள்! விடாமல் எடுத்துக் கொடுத்தார். "அதுக்கு என்னைய என்னடி செய்யச் சொல்றே?"

"தள்ளி விட்டுருங்க!"

"அந்த ஓட்டைத் தகரத்தை எவன் வாங்குவான்?"

"ஏன், இந்தச் சர்தார்ஜிக்கே குடுங்க! வாசல்ல பச்சை ஸ்கூட்டர் ஒண்ணு நிக்குதுல்ல? அதை வாங்கிக்கிட்டுக் காரைக் குடுத்துருங்க!"

நிஜம் போலத் தெரியட்டும் என்று வாசலைக் கையால் வேறு காட்டினாள். கெட்டிக்காரி. ஜோதிலிங்கம் மேஜையை ஓங்கித் தட்டினார். "குடுக்கிறேன்டி! காரையும் குடுக்கிறேன்! புதுசா மாட்டுன நாலு டயரையும் குடுக்கிறேன்! பேட்டரியும் சேத்துக் குடுக்கிறேன்!"

"சத்தியமா?"

"எங்க மாரியம்மன் மேல சத்தியமா! ஜோதிலிங்கம் வாயில வந்தா வந்ததுதான்!"

அம்சவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு படி இறங்கினாள். ஜோதிலிங்கமும் பின்னாலேயே இறங்கி, அந்த "அரே, ருக்கியே"வுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நில்லுங்க அண்ணாச்சி. எனக்குச் சம்மதம். பேச்சு முடிஞ்சுபோச்சு."

ஜோதிலிங்கம் திரும்பிப் பார்த்தார். கடையில் இருந்தது மூன்று பேர். தான் பேசவில்லை. மனைவி பேசவில்லை. மிச்சம் இருந்தது ஒரு தாடி.

"நீங்க... தமிழ்..."

"மதுரையில பன்னெண்டு வருசம் இருந்தேன் அண்ணாச்சி. பார்ட்டிஷன்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன், மாசி வீதியில கடை போட்டேன். என் மக பொறந்ததே அங்கதான்."

"ஐயையோ, அது நடிப்புய்யா! சும்மா போட்ட சண்டை!"

சர்தார்ஜி தாடியைத் தடவினார். "நடிப்பா? நீங்க நடிச்சீகளோ என்னமோ. தங்கச்சி பேசுனதுல நடிப்பே இல்லையே."

"பேரத்துக்காகப் பேசினது!"

"பேரத்துல பேசினதைத்தான் நானும் சொல்றேன். ஒரு விருதுநகர் ஏவாரி, கடைக்குள்ள நின்னு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணிப்புட்டு, படி இறங்குறதுக்குள்ள மாத்துறீகளே!"

ஜோதிலிங்கத்துக்கு இரண்டாவது இடி இறங்கியது. "நான் விருதுநகருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சர்தார்ஜி அம்சவேணியைப் பார்த்தார். அம்சவேணி ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"உங்க கடையிலதானே அண்ணாச்சி ரொம்ப நாளா வத்தலும் நல்லெண்ணெயும் வாங்குறேன். நான் வாற நேரம் நீங்க மத்தியானத் தூக்கத்துக்குப் போயிருவீக. தங்கச்சிதான் நிறுத்துக் குடுக்கும்."

"வேணி!"

"என்னங்க?"

"இவருக்குத் தமிழ் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுக்கிட்டா வாயில வந்ததைப் பேசினே?"

"நீங்கதானே பேசச் சொன்னீக."

சர்தார்ஜி சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "கோவப்படாதீக அண்ணாச்சி. ஸ்கூட்டர் நல்லா ஓடும். இதுக்குப் பேரு பதிஞ்சுட்டு வருசக்கணக்கா ஊரே காத்துக்கிடக்கு. அதோட, உங்க வீட்ல கிடக்கிற எஞ்சின் சாமானையெல்லாம் எங்க ஆளுகளே வந்து அள்ளிட்டுப் போயிரணும்னு தங்கச்சி புதன்கிழமையே கறாராச் சொல்லிருச்சு."

"புதன்கிழமையேவா?"

"ஆமா. ஆனா அன்னிக்கு வெறும் காரை மட்டும்தான் பேசுச்சு. டயரும் பேட்டரியும் நீங்களாப் போட்டுக் குடுத்தது. பெரிய மனசு உங்களுக்கு."

ஜோதிலிங்கம் கத்தினார். சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "கியா ஹுவா? கியா ஹுவா?" என்று விஷயம் கேட்டார்கள். சர்தார்ஜி அமைதியாக இந்தியில் ஒரே வார்த்தை சொன்னார். "பேசி முடித்த வியாபாரம். மாற்றலாமா என்று யோசிக்கிறார்."

அந்த ஒரு வார்த்தையில் ஜோதிலிங்கத்தின் வாய் மூடிக்கொண்டது. கையில் காலணா இல்லாத நாளில் அவர் தன் வாய்ச்சொல்லை அடகு வைத்துத்தான் காரி பாவ்லியில் சரக்கு எடுத்தார். அந்தச் சொல்தான் மூட்டை தூக்கியவனைக் கல்லாவில் உட்கார வைத்தது. சொன்ன விலையை மாற்றியவர்களை நடுத்தெருவில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கிறார். இப்போது அதே மாதிரி நடுத்தெருவில், அதே இந்தியில், தன்னை எவனாவது கேட்டால்?

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். காரின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிடுங்கிக் கொடுத்த பல்லைப் பார்ப்பது போல அதை ஒரு தடவை பார்த்தார். ஸ்கூட்டர் சாவி கைக்கு வந்தது.

உதைத்தவுடன் ஸ்கூட்டர் கிளம்பியது. அதுவும் அவருக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. சொந்த வண்டி ஒன்று உடனே கிளம்பி அவர் பார்த்ததில்லை. அம்சவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள்.

சந்து முனையில் ஜோதிலிங்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு அவர் குரல் உடைந்தது.

"எல்லாம் போகட்டும் வேணி. ஞாயித்துக்கிழமை குழந்தைசாமி வந்து இறங்குறான். பாரின் கார்னு டிரங்க் கால்ல அந்தக் கத்து கத்தி வச்சிருக்கேன். இந்த ஸ்கூட்டரோட போய் அவன் முன்னால நின்னா, என்னையப் பத்தி என்ன நினைப்பான்?"

அம்சவேணி அவர் தோளில் ஆதரவாகக் கையை வைத்தாள்.

"அதுக்கு ஏங்க மனசைப் போட்டு உழப்பிக்கிறீக? என் தங்கச்சி காயிதம் போட்டிருக்கா. நம்மகிட்ட கார் இருக்குன்னு அவுக யாருமே நம்பலையாம்."