கயிற்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்

கல்பாக்கத்தில் இருக்கும் கோதண்டராமன் மாமாவுக்கு, மறைமலைநகரிலிருந்து மருமகன் சரவணகுமாரின் வணக்கம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். நானும் ரேணுகாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் வரவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

வலது கை பிரஸ் மெஷினில் சிக்கியது உங்களுக்குத் தெரியும். முழங்கைக்குக் கீழே அறுந்த நரம்பை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், கையைத் தட்டிக்கொண்டே போனால் நரம்பின் முனை இருக்கும் இடத்தில் ஷாக் அடிக்கும் என்றார் டாக்டர் ரோகிணி. நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். "எங்க நிக்கணும்னு நரம்புக்கு யாரு மேடம் சொல்லுவாங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். செல்லுக்குள் தூது போகிற புரதங்கள் முனை வரை ஓடித் திரும்புமாம்; திரும்பி வர நேரமாக ஆக, நீளம் கூடிவிட்டது என்று செல் புரிந்துகொண்டு வளர்ச்சியைக் குறைக்குமாம்; ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி நினைக்கிறார்களாம். எனக்கு எங்கள் கம்பெனி பஸ்தான் ஞாபகம் வந்தது. "வழியில மாட்டிகினு லேட்டா வந்தா? வளந்தது போதும்னு பாதியிலயே நின்னுடுமே!" என்றேன். டாக்டர் சிரித்தார். நான் வரும் வழியிலேயே ஒரு ஸ்கேல் வாங்கிக்கொண்டேன்.

பயந்தது நடந்துவிட்டது மாமா. கட்டுப் போட்டிருந்தபோது தையல் தெரியவில்லை என்று, அதற்குக் கீழே ரேணுகா மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிற்றையே ஸீரோவாக வைத்து, ஷாக் அடிக்கும் இடம் வரை ஞாயிறுதோறும் ஸ்கேலால் அளந்தேன். கட்டுப் பிரித்த பிறகும் ஸீரோவை மாற்றவில்லை. பிரஸ் ஷாப்பில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். மூன்று வாரமாக, கயிற்றிலிருந்து அதே இரண்டு சென்டிமீட்டர். நரம்பு நின்றுவிட்டது. சுண்டுவிரலைக் கடித்துப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரன் விரலைக் கடிப்பது போல இருக்கிறது.

இதற்கு நடுவில் காண்டிராக்டர் தாமோதரன் வீட்டுக்கே வந்து, "இன்னாப்பா, உன் நரம்பு இன்னும் ஊரு சுத்திகினு கீதா?" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். என் கவனக்குறைவால் அடிபட்டது, கை தேறாது, நானாகவே வேலையை விடுகிறேன் என்று அதில் இருந்தது. உற்பத்தி குறையுது என்று மெஷினின் பாதுகாப்பு சென்சாரை என்னைக் கழற்ற வைத்தவர் அவரே. அது அதில் இல்லை. "கையெழுத்து வராங்காட்டி இடது கட்டவிரல வையி" என்றார். எங்களிடம் எந்த உறுப்பு மிச்சம் என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். கை தேறுமென்றால் எதிர்த்து நிற்கலாம். தேறாதென்று என் நரம்பே அவர் பக்கம் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது? திங்கட்கிழமை விரலை வைத்துவிடுகிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு நீங்கள் வர வேண்டும்.

அத்தைக்கு வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு என் வேலை செய்கிற கையால் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சரவணகுமார்

பின்குறிப்பு: ரேணுகா இதைப் படித்துவிட்டு, "யோவ், கை இளச்சு கயிறு கீழ எறங்கிகினே கீது, அதுலபோயி அளந்துகினு கீறியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தையலிலிருந்து அளந்தோம். நரம்பு நிற்கவே இல்லை; டாக்டர் சொன்ன கணக்குக்கு இரண்டே மில்லிமீட்டர்தான் குறைவு. திங்கட்கிழமை அவசியம் வாருங்கள். ஆனால் சாட்சிக்கு வேண்டாம். சென்சாரைக் கழற்றச் சொன்னதற்கு நானே சாட்சி.