டோக்கன் வரிசை

ஞாயிறு காலை பத்தரை மணி. பதினொன்றுக்கு டாக்ஸி. அவர் இன்னும் பல் விளக்கவில்லை.

"பேத்தி பொறந்து மூணு மாசமாச்சு," என்றாள் மனைவி, பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி மூடியபடி. "போட்டோவுல பார்த்து, தாத்தாவுக்குக் கழுத்துக்குக் கீழே கீபோர்டுன்னு நினைச்சுட்டிருக்கும்."

"வரிசையை முடிச்சிட்டு வந்துடறேன்."

கிளினிக்கிலும் வங்கியிலும் டோக்கன் எண்ணைத் திரையில் காட்ட அவர் ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தார். இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், குறை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். அனுப்பினார்கள். வந்ததையெல்லாம் வரி வரியாகப் படித்து, சேர்க்கவோ தள்ளவோ வேண்டியவர் அவர் ஒருவர்தான். ஊரையே வரிசையில் நிறுத்த எழுதிய ப்ரோகிராம். அதன் வாசலில் தள்ளுமுள்ளு.

வரிசையைக் குறைக்க இரண்டு மாதமாகவே முயன்றுகொண்டிருந்தார். முதலில், அசைவில்லாமல் கிடக்கும் திருத்தங்கள் நீக்கப்படும் என்று எச்சரித்தார். எல்லோரும் "இருக்கேன் சார்" என்று பதில் போட்டார்கள். மறந்துபோனவைகூட எழுந்து வந்து நின்றன.

பிறகு, அடுத்தவர் திருத்தத்தைப் படித்துக் கருத்துச் சொன்னால்தான் உங்களுடையதைப் பார்ப்பேன் என்றார். படித்தார்கள். அடுத்தவர் திருத்தத்தில் பிழை கண்டுபிடித்து, அதற்கும் ஒரு திருத்தம் அனுப்பினார்கள். 'நத்தை' என்ற புனைபெயர்க்காரர் மட்டும் கட்டுக்கட்டாக அனுப்பினார்.

"எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க," என்றாள் மனைவி.

"பாவம், கஷ்டப்பட்டு அனுப்பறாங்க. எத்தனை நோயாளிங்க இதை நம்பி உட்கார்ந்திருக்காங்க தெரியுமா?"

"நானும் உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன். என் டோக்கன் நம்பர் என்ன?"

வாசலில் ஹாரன் ஒலித்தது.

அவர் எழுந்தார். வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'ஏற்றுக்கொள்' என்பதை அழுத்தினார். வரிசை காலி. இவ்வளவு சுலபமா என்று திகைத்தார். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ப்ரோகிராமை ஒருமுறை இயக்கினார். படிப்பதற்கே பொழுது போதாததால் அவர் அதை இயக்கிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திரை கறுப்பாக இருந்தது. மறுபடி இயக்கினார். கறுப்பு.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"கெடுத்துட்டேன். எல்லா ஊர்லயும் நின்னு போயிருக்கும்."

"அப்ப நீங்க வரலை."

"எப்படி வர்றது? உலகமே என்னை அடிக்க வரும்."

"வரட்டும். கதவைத் திறந்தே வச்சிட்டுப் போறேன்." பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். டாக்ஸி கிளம்பும் சத்தம் கேட்டது.

சற்றுமுன் சேர்த்ததையெல்லாம் நீக்கி, நேற்றைய ப்ரோகிராமை இயக்கினார். கறுப்பு. போன வாரத்துப் பிரதி. கறுப்பு. போன மாதத்துப் பிரதி. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். போன வருடத்துப் பிரதியை இயக்கியபோதும் திரையில் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான்.

ஒரு வருடமாக ஓடவில்லை. ஒரு புகார் இல்லை. நோயாளிகள் கறுப்புத் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன் வந்தது.

நத்தை அனுப்பிய திருத்தத்தின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்துத் தன் பெயரைச் சொன்னார். நடுத்தர வயதுப் பெண் குரல்.

"சாருங்களா? நீங்களே கூப்பிடறீங்களே. உங்களை மாதிரி பொறுமையா ஒவ்வொரு வரியும் பார்க்கிறவங்க யாருமே இல்லை சார்."

"அம்மா, அதை விடுங்க. ஒரு வருஷமா ப்ரோகிராம் ஓடவே இல்லை. நீங்க யாருமே ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அதை ரன் வேற பண்ணுவாங்களா சார்? எங்க பயிற்சி வகுப்புப் பசங்களுக்கு நீங்க இலவசமா வீட்டுப்பாடம் திருத்திக் குடுக்கறீங்கன்னுல்ல நினைச்சிட்டிருந்தோம்?"